இழுவைக்கு ஒரு கணக்கு, அதிர்வுக்கு வேறு கணக்கு: வேலைக்கு ஏற்ற எஞ்சினைத் தெரிந்தெடுப்பது எப்படி

பெரும்போக உழவு தொடங்கும் புரட்டாதி, ஐப்பசியில் எங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் கராஜ்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "இது எத்தனை குதிரை?" படுவான்கரையில் இருந்து லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கரக் கை உழவு மெசின்) விசாரிக்க வருகிறவரும் அதைத்தான் கேட்பார். வாழைச்சேனையில் படகு எஞ்சின் தேடுகிறவரும், புது மோட்டார் சைக்கிள் பார்க்கிற தம்பிமாரும் அதையேதான் கேட்பார்கள். குதிரைவலு தேவையான கணக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓர் இலக்கத்தை வைத்துக்கொண்டு, சேறு கனத்த இடத்தில் எஞ்சின் இழுக்குமா நின்றுவிடுமா என்று சொல்ல முடியாது. ஒரு நாள் உழுதபின் கை மரத்துப்போகுமா என்றும் சொல்ல முடியாது.

இழுவையைத் தருவது ஒன்று, அதிராமல் ஓட வைப்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் ஆட்கள் தேவையில்லாத சாமானுக்குக் காசு கொட்டுகிறார்கள். எஞ்சின் வாங்க முன்னும், இருக்கிற எஞ்சினைக் கழட்ட முன்னும் இந்த இரண்டு கணக்கையும் எப்படிப் பார்ப்பது என்று என்னால் முடிந்தவரை விளக்கமாகச் சொல்கிறேன்.

குதிரையைப் பார்க்க முன் சுற்றைப் பாருங்கள்

இறுகிய நட் கழராவிட்டால் ஸ்பானரில் ஒரு பைப் துண்டைச் செருகுவோம். கையின் பலம் கூடவில்லை, பிடியின் நீளம்தான் கூடியது. நட் கழர்கிறது. இந்தத் திருகும் விசைதான் முறுக்கு விசை, கராஜில் நாங்கள் இழுவை என்கிறோம். அளவு நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேல் வரும் அழுத்தம் கை மாதிரி, பிஸ்டனின் தள்ளலைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் நீளம் பைப் மாதிரி. அந்த இழுவையை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் எஞ்சின் தருகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் குதிரைவலு வரும்.

ஆகவே குதிரைவலுவைச் சொன்னால், எந்தச் சுற்றில் என்று உடனே கேளுங்கள். கணக்கு இதுதான்: கிலோவாட்டை 9,549 ஆல் பெருக்கி, சுற்றால் பிரித்தால் நியூட்டன் மீட்டர் வரும். குதிரைவலு மட்டும் தெரிந்தால் அதை 0.735 ஆல் பெருக்கிக் கிலோவாட் ஆக்கிக்கொள்ளலாம்.

சீன லேண்ட்மாஸ்டர்களில் வரும் எஸ்195 எஞ்சினை எடுங்கள். ஒரே சிலிண்டர், 95 மி.மீ விட்டம், 115 மி.மீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தரம் ஓடும் தூரம்), 815 சிசி. 2,000 சுற்றில் 12 குதிரைவலு, அதாவது 8.8 கிலோவாட். கணக்குப் போட்டால் 42 நியூட்டன் மீட்டர். பக்கத்தில் ஒரு பல்சர் 150 ஐ வையுங்கள். அதுவும் சுமார் 14 குதிரைதான், ஆனால் 8,000 சுற்றுக்கு மேல் போனால்தான் அந்தக் குதிரை வரும். அதன் இழுவை உச்சத்திலேயே 13 நியூட்டன் மீட்டர் அளவுதான், அதுவும் 6,500 சுற்றை அண்டி.

"அப்படியென்றால் கியர் போட்டுச் சுற்றைக் குறைத்தால் போச்சு" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கடதாசியில் அவர் சொல்வது சரி: நாலு மடங்கு குறைக்கிற கியர் போட்டால் பைக் எஞ்சினும் 2,000 சுற்றை அண்டி 45 நியூட்டன் மீட்டர் தரும், லேண்ட்மாஸ்டரை மிஞ்சிவிடும். வயலில் ஏன் அது எடுபடாது என்றால், சேற்றில் பாரம் ஒரே அளவாக இருப்பதில்லை. கலப்பை வேரில் சிக்கினால் எஞ்சினின் சுற்று இறங்கும். பைக் எஞ்சின் 6,500 க்குக் கீழே போனதும் இழுவையும் கூடவே இறங்கத் தொடங்கும். இழுவை இறங்கினால் சுற்று இன்னும் இறங்கும், அப்புறம் நின்றுவிடும். உழவுக்குச் செய்த டீசல் எஞ்சினில் நடப்பது நேர் எதிர். மாசி பெர்கூசன் 240 இல் வரும் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் 2,250 சுற்றில் ஏறத்தாழ 47 குதிரை தரும், ஆனால் அதன் இழுவை உச்சம் இருப்பது 1,500 க்கும் கீழே. பாரம் விழுந்து சுற்று குறையக் குறைய அது இன்னும் பலமாகப் பிடிக்கும். நம் வட்டைகளில் அந்த மெசின் இன்றும் மதிக்கப்படுவதற்கு இந்தக் குணம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

எனவே கையேட்டில் தேட வேண்டியவை இரண்டு சுற்று எண்கள்: உச்சக் குதிரைவலு வரும் சுற்று, உச்ச இழுவை வரும் சுற்று. இரண்டுக்கும் இடையில் தூரம் அதிகமாக இருந்தால் அந்த எஞ்சின் பாரத்தில் தாக்குப்பிடிக்கும். கிட்டக் கிட்ட இருந்தால் எப்போதும் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீள ஸ்ட்ரோக் என்ற நம்பிக்கை

இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ள மெக்கானிக்மாரும் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். "ஸ்ட்ரோக் நீளம், அதனால் இழுவை அதிகம்" என்பார்கள்.

பழைய புல்லட் 350 இன் அளவு 70 மி.மீ விட்டம், 90 மி.மீ ஸ்ட்ரோக். 346 சிசி. பிஸ்டனின் மேற்பரப்பு 38.5 சதுர சென்றிமீட்டர், கிராங்க் ஆரம் 4.5 சென்றிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 173. இப்போது 76 க்கு 76 என்று ஒரு சதுர எஞ்சினை எண்ணிப்பாருங்கள், 345 சிசி. கிராங்க் ஆரம் 3.8 ஆகக் குறைந்தது, ஆனால் பிஸ்டன் பரப்பு 45.4 ஆகக் கூடியது. பெருக்கினால் 172. உள்ளே அழுத்தம் ஒன்றாக இருந்தால் இழுவையும் ஒன்றுதான். நீளத்தில் கிடைத்ததை அகலத்தில் இழந்துவிடுகிறோம்.

அப்படியானால் இழுவை எங்கிருந்து வருகிறது? சிசி அளவில் இருந்தும், ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நிரம்பி எவ்வளவு அழுத்தமாக எரிகிறது என்பதில் இருந்தும். டிமோ பட்டா என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் பழைய டீசல் எஞ்சின் இரண்டு சிலிண்டர், 702 சிசி. அதன் உச்ச இழுவை 38 நியூட்டன் மீட்டரை அண்டி, 2,000 சுற்றில். எஸ்195 ஒற்றைச் சிலிண்டர், 815 சிசி, அதே 2,000 சுற்றில் 42. சிலிண்டர் எண்ணிக்கையும் ஸ்ட்ரோக்கும் வேறு வேறு, ஆனால் சிசிக்கு ஏற்ற மாதிரி இழுவை கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. ஒன்று கையைக் குலுக்கி எடுக்கும், மற்றதில் பாரம் ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி போகலாம். இழுவையும் அதிர்வும் வேறு வேறு என்று நான் சொல்வது இதனால்தான்.

நீள ஸ்ட்ரோக்குக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்ட்ரோக் நீண்டால் பிஸ்டன் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அதனால் எஞ்சினைக் கண்டபடி சுற்ற விட முடியாது. பேர்கின்ஸில் ஸ்ட்ரோக் 127 மி.மீ. வெறும் 2,250 சுற்றிலேயே அதன் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 9.5 மீட்டர். ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரின் 49.5 மி.மீ ஸ்ட்ரோக் 8,000 சுற்றில் போனாலும் 13 மீட்டர்தான். ஆக நீள ஸ்ட்ரோக் எஞ்சினைச் செய்கிறவர் அது மெதுவாக ஓடும் என்று முதலே தெரிந்து, வால்வைத் திறந்து மூடும் கேம், வால்வு, காற்றுக் குழாய் எல்லாவற்றையும் மெதுவான சுற்றுக்கு அமைக்கிறார். விட்டம் சிறியதால் எரியும் அறையும் ஒடுக்கமாக இருக்கும், எரிவு நன்றாக இருக்கும். கீழ்ச்சுற்றில் வருகிற அந்த இழுவை இந்த அமைப்புகளின் கூட்டுப்பலன்.

இது தெரிந்தால் ஒரு செலவு மிச்சம். "போர் அடித்தால் இழுவை கூடும்" என்று நம்பி, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் அந்த வேலையைக் கடைசி அளவுவரை செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிளெண்டரின் 50 மி.மீ சிலிண்டரை 51 க்கு அடித்தால் சிசி கூடுவது 4 வீதம்தான். போர் அடித்தபின் வண்டி நன்றாக இழுப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்கில் ஒழுகிய கம்பிரஷன் திரும்பி வந்ததால். ஆகவே சிலிண்டர் எந்த அளவில் சுத்தமாக வருகிறதோ அந்த அளவோடு நிறுத்துங்கள், மிச்சம் அடுத்த முறைக்கு உதவும்.

காற்று எப்படி நிரம்புகிறது

உள்ளிழுக்கும் வால்வு பிஸ்டன் கீழே போய்ச் சேர்ந்தவுடன் மூடுவதில்லை, கொஞ்சம் பிந்தித்தான் மூடும். வேகமாக ஓடும்போது காற்று பாய்ந்து வந்துகொண்டே இருப்பதால் அந்தப் பிந்தலில் இன்னும் காற்று நிரம்பும். மெதுவாக ஓடும்போது அதே பிந்தல் கெடுதல்: பிஸ்டன் மேலே வந்து நிரம்பிய காற்றையே வெளியே தள்ளிவிடும். ஓட்டத்துக்குச் செய்த பைக்கில் வால்வு நன்றாகப் பிந்தி மூடும், உழவு எஞ்சினில் முந்தியே மூடும். ஹொண்டா 1989 இல் வால்வு திறக்கும் அளவையும் நேரத்தையும் மாற்றும் விடெக் முறையைக் காரில் கொண்டுவந்தது இந்த இரண்டையும் ஒரே எஞ்சினில் பெறத்தான்.

கராஜில் இதை நாம் காண்பது கிராங்கில் இருந்து கேமைச் சுழற்றும் டைமிங் செயினில். செயின் தேய்ந்து நீண்டால் கேம் பிந்திவிடும். மேல் வேகத்தில் பெரிதாகத் தெரியாது, ஆனால் கல்லடிப் பாலம் ஏற்றத்தில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு இரண்டாம் கியருக்கு வரவேண்டி இருக்கும். அப்படி வருகிற பைக்கில் பிஸ்டனில் கை வைக்க முன் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள்.

காற்றுக் குழாய் நீண்டு ஒடுங்கியிருந்தால் கீழ்ச்சுற்றுக்கு நல்லது, குட்டையாக அகன்றிருந்தால் மேல்சுற்றுக்கு. சைலன்சரும் அப்படியே. சைலன்சரை வெட்டிவிட்டுச் சத்தத்தோடு ஓடுகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தக் குழாயின் நீளமும் வளைவும் கணக்குப் பார்த்து வைத்தது. வெட்டினால் நம் ரோட்டில் நீங்கள் அதிகம் ஓட்டுகிற 3,000, 4,000 சுற்றில்தான் இழுவை குறையும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியது போலக் கேட்கிறது, அவ்வளவுதான். பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோவில் இது இன்னும் மோசம், அதன் புகைக்குழாயே எஞ்சினில் ஒரு பாகம் மாதிரி வேலை செய்கிறது.

டீசல் எஞ்சினுக்கு எங்கள் பக்கத்தில் முதல் எதிரி தூசி. கிரவல் ரோட்டுப் புழுதியும் சூடடிப்புக் காலத்து வைக்கல் தூசியும் ஒயில் தொட்டிக் காற்று வடிகட்டியில் சேறாகிவிடும். காற்றுக் குறைந்தால் கறுப்புப் புகை வரும், இழுவை போகும். உடனே "பம்ப் போய்விட்டது" என்று பம்பைக் கழட்ட ஓடுவார்கள். அறுவடைக் காலத்தில் அந்த ஒயிலை ஒவ்வொரு நாளும் திறந்து பாருங்கள், தடித்திருந்தால் கழுவி மாற்றுங்கள். வடிகட்டி இல்லாமல் ஒரு நாள்கூட ஓட விடக்கூடாது, அந்தத் தூசி ரிங்கைத் தின்றுவிடும்.

எஸ்195 இல் டீசல் பம்பைக் கழட்டினால் அதன் அடியில் இருந்த மெல்லிய தகடுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். டீசல் எப்போது விசிறும் என்பது அந்தத் தகட்டின் தடிப்பில் இருக்கிறது. முந்தினால் எஞ்சின் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தமிடும், பிந்தினால் புகைத்துக்கொண்டு இழுவை இல்லாமல் ஓடும், தண்ணீரும் கெதியாகக் கொதிக்கும்.

உங்கள் வேலை என்ன மாதிரிப் பாரம்?

உழவு பற்றிச் சொல்லிவிட்டேன். தண்ணி பம்பும் படகும் வேறு சாதி. வாய்க்காலில் இருந்து வயலுக்கு இறைக்கிற பம்பைச் சுழற்றத் தேவையான இழுவை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குதிரைவலு மூன்றாம் அடுக்கில் கூடும். மெதுவாக ஓடும்போது பம்ப் எஞ்சினிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே பம்புக்குக் கீழ்ச்சுற்று இழுவை தேவையில்லை, சின்னப் பெற்றோல் எஞ்சினே போதும். இதில் ஒரு லாபமும் உண்டு: சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எஞ்சின் மேல் வரும் வேலை கால் பங்குக்கு மேல் குறைகிறது. தூக்கும் உயரம் குறைந்த இடத்தில் தண்ணீர் அவ்வளவு குறையாது. விடிய விடிய ஓடவிடுகிறவர்கள் த்ரொட்டிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், எரிபொருளில் தெரியும்.

படகிலும் அதே கணக்கு, ஆனால் அங்கே காற்றாடி தீர்மானிக்கிறது. வலையும் ஐஸும் ஆட்களும் ஏற்றியபின் முழு த்ரொட்டிலில் எஞ்சின் கையேட்டில் சொன்ன சுற்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் காற்றாடியின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) கூடிவிட்டது. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 தொடக்கம் 200 சுற்று ஏறும். எஞ்சினை மாற்ற முன் காற்றாடியை மாற்றிப் பார்ப்பது எவ்வளவோ மலிவு.

கண்டிப் பக்கம் பதினெட்டு வளைவில் பாரத்தோடு ஏறுகிற லொறிக்காரருக்கு உழவுக்காரரின் கணக்கே பொருந்தும். ஆனால் அதிகக் கீழ்ச்சுற்றில் முழுக்க மிதித்து இழுக்க வேண்டாம். கறுப்புப் புகையோடு எஞ்சின் முனகினால் கியரை இறக்குங்கள், அந்த முனகலில் அடிபடுவது கிராங்க் பேரிங்.

அதிர்வுக்கு இரண்டு வேர்

முதல் வேர் வெடிப்பு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தள்ளும். 2,000 சுற்றில் எஸ்195 செக்கனுக்கு 17 முறை தள்ளுகிறது. டிமோ பட்டா 33, மூன்று சிலிண்டர் மாசி 50, டொல்பின் வேனின் நாலு சிலிண்டர் 67. தள்ளு அடிக்கடி வந்தால் ஒவ்வொரு தள்ளும் சிறிதாகத் தெரியும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளுவதால், இரண்டு சிலிண்டர் யமஹா 40 படகு எஞ்சின் இந்த விஷயத்தில் நாலு சிலிண்டர் காருக்குச் சமம்.

தள்ளுக்கும் தள்ளுக்கும் இடையில் எஞ்சினைக் கொண்டுபோவது பிளைவீல். உளுந்து உடைக்கிற திரிகையின் மேல்கல் போல, ஒரு முறை சுற்றிவிட்ட பலத்தில் அடுத்த தள்ளு வரும்வரை தானே ஓடும். இழுவையை அது கூட்டுவதில்லை, சேர்த்து வைத்துக் கொடுக்கும். சேர்த்து வைக்கும் அளவு சுற்றின் வர்க்கத்தில் மாறும்: சுற்று பாதியானால் கையிருப்பு கால்தான். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதிகம் குலுங்குவது இதனால். பிளைவீலைக் கடைந்து எடை குறைக்கச் சொல்லி லேத்துக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பந்தயத்துக்குச் சரி. சேற்றில் ஓடுகிற மெசினுக்கு அது பெரிய தீங்கு.

இரண்டாவது வேர் பிஸ்டனின் ஓட்டம். மேலே ஓடி நின்று, கீழே ஓடி நின்று, இப்படி ஒரு சுற்றில் இரண்டு முறை நிற்க வேண்டும். எஸ்195 இல் 2,000 சுற்றில், முன்னும் பின்னும் ஓடுகிற எடையில் (அதன் சிலிண்டர் படுத்திருக்கிறது) ஒவ்வொரு கிலோவும் எஞ்சினை ஏறத்தாழ 250 கிலோ பாரத்தின் விசையோடு உதைக்கிறது. 1,000 சுற்றில் அது கால் பங்கு. இதை எந்தப் பிளைவீலாலும் தடுக்க முடியாது. கிராங்கில் எதிர் எடை வைக்கலாம், ஆனால் முழுவதையும் சமப்படுத்தினால் அதே உதை குறுக்குத் திசைக்குத் திரும்பிவிடும். அதனால் ஒற்றைச் சிலிண்டரில் ஏறத்தாழ பாதியைத்தான் சமப்படுத்துவார்கள். மிச்சத்துக்கு, எதிர்ப்பக்கம் உதைக்கிற எடையோடு சுழலும் பலன்ஸ் ஷாஃப்ட். எஸ்195 இல் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு ஷாஃப்ட் இருக்கின்றன.

இந்த ஷாஃப்டைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். கியர் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு பல்லுச் சக்கரத்திலும் அடையாளம் இருக்கும். பூட்டும்போது கிராங்க், கேம், பம்ப் அடையாளங்களைக் கவனமாகப் பார்க்கிறவர்கள், பலன்ஸ் ஷாஃப்டை எப்படியும் போடலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், இழுவையும் இருக்கும். ஆனால் ஷாஃப்ட் உதையைத் தணிப்பதற்குப் பதிலாகக் கூட்டிக்கொடுக்கும். வேறு கராஜில் பூட்டிய பிறகு பிடிக்க முடியாமல் அதிர்கிறது என்று வருகிற லேண்ட்மாஸ்டரில் நான் முதலில் திறப்பது அந்த மூடியைத்தான்.

சிலிண்டர் கூடினால் உதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், முழுவதுமாக இல்லை. மூன்று சிலிண்டரில் மேல் கீழ் உதை சமமாகிவிடும், ஆனால் எஞ்சின் முன்னும் பின்னும் தலையாட்டும். நாலு சிலிண்டரில் அந்த ஆட்டம் இல்லை. ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்ராட் சாய்வதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் ஓடுகிறது, அதனால் சுற்றைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு ரீங்கார அதிர்வு வரும். இதற்கு இரட்டை வேகத்தில் சுழலும் ஷாஃப்டை முதலில் வடிவமைத்தவர் பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். மிட்சுபிஷி 1975 இல் அதைத் திரும்பக் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஆறு சிலிண்டர் வரிசையில் இரண்டு வகை உதையும் தானாகவே அடங்கிவிடும்.

எது என்று கண்டுபிடிப்பது

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். நியூட்ரலில் சுற்றை மெதுமெதுவாக ஏற்றுங்கள். ஏற ஏற அதிர்வு கூடிக்கொண்டே போனால் இரண்டாவது வேர்: பலன்ஸ் ஷாஃப்ட், எடை பொருந்தாத பிஸ்டன், வளைந்த காற்றாடி அல்லது பெல்ட் ஓடும் கப்பி. ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் துள்ளி, தாண்டினால் அடங்கினால் எஞ்சினில் பிழை இல்லாமலும் இருக்கலாம், தாங்கும் சட்டமோ தளர்ந்த போல்ட்டோ அந்தச் சுற்றோடு சேர்ந்து ஆடுகிறது. கீழ்ச்சுற்றில் குலுங்கி, ஏற்றினால் சீராகி, பாரம் போட்டால் திரும்பக் குலுங்கினால் முதல் வேர்: ஏதோ ஒரு சிலிண்டர் சரியாகத் தள்ளவில்லை.

எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, பல சிலிண்டர் டீசல் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, இன்ஜெக்டருக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் நொண்டும். எதைத் தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நட்டைத் துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள், கண்ணாடி போடுங்கள், இன்ஜெக்டரின் நுனிப் பக்கமாகக் கையைக் கொண்டுபோகவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் விசிறும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், போனால் வெளிக்காயம் சின்னதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் விசிறும் புதிய கொமன் ரெயில் எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

வேனில் எஞ்சின் தாங்கும் றப்பரையும் பாருங்கள். ஒயில் ஊறி ஊதியிருக்கும், அல்லது கடற்கரைக் காற்றில் அதன் இரும்பு துருப்பிடித்து விட்டிருக்கும். உழவு மெசினில் எஞ்சினே சட்டத்தின் ஒரு பாகம் என்பதால் அந்த றப்பர் கிடையாது. லேண்ட்மாஸ்டரில் எஞ்சினை விட்டுவிட்டு பெல்ட்டைப் பாருங்கள்: பழைய பெல்ட்டோடு ஒரு புது பெல்ட்டைச் சேர்த்துப் போட்டிருந்தால் பாரம் முழுவதும் அதில் விழுந்து, விட்டு விட்டு இழுக்கும். எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும்.

பிஸ்டன் மாற்றினால், சமையலறைத் தராசு இருந்தாலும் போதும், எல்லாப் பிஸ்டனையும் அதைக் கொன்ராடோடு பூட்டும் ஊசியோடு சேர்த்து எடை பாருங்கள். கடையில் வேறு வேறு பெட்டியில் இருந்து எடுத்துத் தந்தால் எடை வித்தியாசம் வரும். பாரம் கூடியதை மாற்றிக் கேளுங்கள், தர மறுத்தால் அந்தக் கடையில் எடுக்க வேண்டாம்.

பழைய எஞ்சின் வாங்கப் போகும்போது

முதல் நாளே சொல்லி, குளிர்ந்த எஞ்சினாக வைத்திருக்கச் சொல்லுங்கள். போனவுடன் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிரில் லேசாக ஸ்டார்ட் ஆகி, வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் அடங்கினால் கம்பிரஷன் இருக்கிறது. சூடானபின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே பிடியுங்கள். புகை குப்குப்பென்று அடித்தால் ரிங் போய்விட்டது, விலையில் ஒரு எஞ்சின் வேலைக்கான காசைக் குறைத்தே பேசுங்கள்.

அதன் பிறகு கலப்பையைப் பூட்டி ஈரமான காணியில் இறக்குங்கள். பாரம் விழும்போது த்ரொட்டிலைத் தொடாமல் காதைக் கொடுங்கள். சுற்று கொஞ்சம் இறங்கி, குரல் கனத்து, அங்கேயே நின்று பிடிக்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் முதலில் காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் சுத்தம் செய்துவிட்டு இன்னொரு சால் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் மட்டும் பம்ப், ரிங் என்று யோசிக்கலாம்.